சொல்லாமல் கொடுத்த மாத்திரை

குடிநோய் சிகிச்சை மையத்தில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, "உங்க அப்பா குடிப்பாகளோ?" என்பதுதான். குடிக்க மாட்டார். தேனி அல்லிநகரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை. மதுரையில் சமூகப்பணி படித்து முடித்த வருஷம் மூன்று இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். கூப்பிட்டது இந்த இடம் ஒன்றுதான். பெரிய காரணம் எதையாவது எதிர்பார்த்துக் கேட்பவர்கள் முகம் இதைக் கேட்டதும் சப்பென்று ஆகிவிடும்.

மையம் கம்பத்தில் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், முன்பு திராட்சை வியாபாரி ஒருவர் குடோனாக வைத்திருந்த கட்டிடம். எட்டுக் கட்டில்கள். இரண்டு நர்ஸ், ஒரு சமையல்காரர், ஒரு வாட்ச்மேன், நான். மனநல மருத்துவர் தேனியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருவார். மற்ற நாட்களில் அவர் எங்களுக்கு ஒரு போன் நம்பர் மட்டும்தான். பலகையில் 'குடி' என்ற வார்த்தையே வரக் கூடாது என்று கட்டிடக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தெருவில் கல்யாண வயதில் பெண்கள் இருக்கிறார்களாம். அதனால் 'ஆரோக்கிய இல்லம்' என்று எழுதி வைத்தோம். வாரத்துக்கு இரண்டு பேராவது சர்க்கரை பார்க்க வந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். எங்களைத் தேடி வர வேண்டியவர்களோ தெருமுனை வரை வந்து, பலகையைப் பார்த்துவிட்டு, இது இல்லை போல என்று போய்விடுவதும் உண்டு.

அந்த அக்கா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. டாக்டர் வருகிற நாள் என்பதால் நடையில் நிற்க இடமில்லை. ஒன்பது மணிக்கே வந்திருக்கிறார். என் அறை வாசலுக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. நாற்பது வயது இருக்கும். விரல் நுனிகளிலும் நகக்கண்ணிலும் கறை. ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறவர் என்பது கையைப் பார்த்ததுமே தெரிந்தது. கம்பம் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் விடியுமுன் ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளத்துத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் திரும்புகிறவர்கள். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை.

"உக்காருங்கக்கா" என்றேன்.

"இல்ல மேடம், நின்னுக்கிட்டே சொல்லிர்றேன். குடிக்கிறவுகளுக்குத் தெரியாம சோத்துல போட்டுக் குடுக்குற மாத்திரை இருக்காமுல்ல. அதுல கொஞ்சம் குடுங்க."

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ வாய்களில் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு மாத்திரை இருப்பது உண்மைதான். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். அந்தப் பயத்தில் மனிதன் குடிக்காமல் இருக்க வேண்டும். சாப்பிடுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், டாக்டர் இருதயத்தைப் பார்த்திருக்க வேண்டும். தெரியாமல் கொடுத்தால், அவர் வழக்கம்போலக் குடிப்பார். உயிரே போகலாம்.

"தெரியாமக் குடுக்கவே கூடாதுக்கா. ரொம்ப ஆபத்து. அவுகள ஒரு தடவை இங்கன கூட்டிட்டு வாங்க. பேசுவோம்."

"அவுக வர மாட்டாக மேடம்."

"வந்தாத்தான் மருந்து குடுக்க முடியும்."

அவர் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவுக ஜீப் ஓட்டுறாக. தோட்டத்துக்கு ஆளேத்துற வண்டி. காலையில கை நடுங்குதுன்னு ஒரு கட்டிங் போட்டுட்டுத்தேன் ஸ்டியரிங்கையே தொடுவாக. நான் அந்த வண்டியில ஏறுறதில்ல, வேற வண்டியிலதேன் போறேன். ஆனா பதினாலு பொம்பளைக ஏறுறாளுக மேடம். எல்லாம் பிள்ள குட்டிக்காரிக."

அந்த நேரம் பார்த்து நர்ஸ் எட்டிப் பார்த்து, டாக்டர் யாருடைய பைலையோ கேட்கிறார் என்றாள். நான் எழுந்துவிட்டேன். "எப்பிடியாவது கூட்டிட்டு வாங்கக்கா" என்று இரண்டாவது முறையாகச் சொல்லி, மைய நம்பர் போட்ட நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்தேன். பைலைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தபோது அவர் இல்லை. மொத்தம் நாலு நிமிஷம் இருந்திருப்பார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பல நாட்கள் என்னை உறுத்தியது அதுதான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு காலை, பஸ் உத்தமபாளையத்தைத் தாண்டும்போது போன் வந்தது. மையத்து நர்ஸ். யாரோ ஒரு அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு அழுகிறார், உங்களைத்தான் கேட்கிறார் என்றாள். நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் பேசியிருக்கிறார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்டோ பிடித்துப் போனேன்.

நடந்ததை அங்கே நின்றிருந்த தோட்டத்துப் பெண்களே சொன்னார்கள். மலைப்பாதையில் ஐந்தாவது வளைவு திரும்பும்போது டிரைவருக்கு முகமெல்லாம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. மூச்சு முட்டுகிறது என்று சட்டைப் பட்டனைப் பிய்த்திருக்கிறார். எப்படியோ வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கமாக ஒடித்துப் பாறையில் முட்டி நிறுத்திவிட்டார். பெண்கள் குதித்து இறங்கினார்கள். அவர் இறங்கி இரண்டு எட்டு வைத்து, வாந்தி எடுத்துக்கொண்டே விழுந்தார். இரண்டு வண்டி பின்னால் வந்த ஜீப்பில் அவர் மனைவி இருந்திருக்கிறார். கீழே இறங்கிக்கொண்டிருந்த காய்கறி வண்டியில் புருஷனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"நெஞ்சுவலிம்மா. என்ன வயசாகுது அந்த மனுசனுக்கு" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அந்த அக்கா என்னைப் பார்த்ததும் வராந்தாவின் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனார். "மேடம், நெஞ்சுவலி இல்ல. நான்தேன்."

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். மூன்று குழிகள் காலி. திருப்பினேன். பின்பக்கம் ஊதா மையில் வட்டமாக எங்கள் மையத்தின் முத்திரை.

"கூடக் காய் எடுக்குறவ குடுத்தா. அவ வீட்டுக்காரரு உங்க இடத்துலதேன் இருந்துட்டு வந்தாரு. மாத்திரையெல்லாம் போடாம அப்பிடியே கிடக்குதுன்னா. மூணு நாளா ராத்திரி புளிக்குழம்புல நுணுக்கிப் போட்டேன். முத ரெண்டு நாளு தோட்டத்துல வேலையில்ல, வண்டி ஓடல. மத்தியானமா லேசா ஊத்திக்கிட்டு, ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்கிட்டாக. வெறுத்துப்போயி விட்ருவாகன்னு நெனச்சேன்."

அந்தச் சிநேகிதியின் கணவரை எனக்கு நன்றாக நினைவிருந்தது. பதினெட்டு நாள் இருந்து, எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனவர். மாதா மாதம் அவர் வீட்டுக்குப் போன் செய்வேன். "மாத்திரை போடுறாரா?" "போடுறாரு." பதிவேட்டில் 'முன்னேற்றம் திருப்தி' என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

"உள்ள இருக்கிற டாக்டருகிட்ட இத இப்பவே சொல்லணும்க்கா."

"போலீசு வருமா?"

"தெரியாதுக்கா. ஆனா சொல்லலைன்னா நெஞ்சுவலின்னு நெனச்சு வேற மருந்து ஏத்துவாக."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

பணியிலிருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். அட்டையை வாங்கிப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மருந்தை மாற்றினார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. அதற்கப்புறம்தான் டாக்டருக்குக் கோபம் வந்தது. வார்டு நடுவில் நின்று, "ஏம்மா, கொலை பண்ணப் பார்த்தியா? சோத்துல மருந்து கலக்குறது யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கத்தினார்.

மூன்று கட்டில் தள்ளிப் படுத்திருந்த புருஷன் கண் திறந்தார். முதலில் டாக்டரைப் பார்த்தார், அப்புறம் மனைவியை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டரைத் தனியே அழைத்துப்போய்ச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். அவசரத்தில் தோன்றவில்லை.

அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். போலீஸ் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஓட்டலில் சாப்பிட்டார். தண்ணீரைக்கூடத் தெருக்குழாயில் தானே பிடித்துத் தனிக் குடத்தில் வைத்துக்கொண்டார். அவர் ஓட்டுகிற வண்டியில் ஏற எந்தப் பெண்ணும் தயாராக இல்லை. ஜீப் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். வேலை இல்லை, வீட்டில் பேச்சு இல்லை. குடி கூடியது. இதையெல்லாம் அந்த அக்கா எனக்குப் போனில் சொல்வார். தோட்டத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவார். பின்னால் மலையாளத்தில் யாரோ வேலைக்கு அழைக்கிற சத்தம் கேட்டதும் பாதியில் வைத்துவிடுவார்.

எங்கள் மையத்திலும் அந்த அட்டையைப் பற்றிப் பேசினோம். இனிமேல் அந்த மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுப்பது, காலி அட்டையைக் கொண்டுவந்தால்தான் அடுத்த வாரத்துக்கு என்று முடிவு செய்தோம். நல்ல முடிவுதான். ஆனால் காலி அட்டையைக் கொடுக்க வாரா வாரம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும் என்று பலர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு பக்கம் ஒழுகுகிறது. இந்த வேலையில் பாதி இப்படித்தான் போகிறது.

அப்புறம் ஒரு புதன்கிழமை பகலில் அந்த அக்காவின் கணவரே வந்தார். நெடிய ஆள். சட்டையெல்லாம் சுத்தமாக இருந்தது. கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள் வந்து உட்காராமலே ஆரம்பித்தார்.

"நீங்கதேன மாத்திரை குடுத்தது?"

"நான் குடுக்கலண்ணே. வந்து கேட்டத மட்டும் சொல்லிக்கலாம்னு உங்க வீட்டம்மா சொல்லிருக்காக, அதனால சொல்றேன். கேட்டாக. முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"அட்டையில உங்க சீலு இருந்துச்சாமுல்ல?"

பொய் சொல்ல முடியவில்லை. "இருந்துச்சு. வேற ஒருத்தருக்குக் குடுத்தது. அவரு சாப்பிடாம வச்சிருந்திருக்காரு. அது எங்க தப்புத்தான்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டை போட வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவ வந்து கேட்டான்னு அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?" என்றார்.

"அவுக சொன்னத அவுகளக் கேக்காம உங்ககிட்டச் சொல்லக் கூடாதுண்ணே. நீங்க இப்பச் சொல்றதையும் நான் அவுககிட்டச் சொல்ல மாட்டேன்."

அப்போது சமையல்காரர் மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தார். உள்ளே எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர் எழுந்து போய்ச் சாப்பாட்டுக்கூடத்து வாசலில் நின்று பார்த்தார். ஒரே சட்டியிலிருந்து எல்லோருக்கும் சாம்பார் ஊற்றுவதை, எல்லோரும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சமையல்காரர், "வாங்கண்ணே, உக்காருங்க" என்று ஒரு தட்டை வைத்தார். அவர் உட்கார்ந்து, ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை நடுக்கத்தில் பாதி சிந்தியது. யாரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் அந்த நடுக்கம் தெரியும்.

கை கழுவிவிட்டு வந்து, "நான் இங்கனயே இருந்துக்கிறேன்" என்றார்.

எட்டுக் கட்டிலும் நிறைந்திருந்தது. டாக்டர் வர இன்னும் இரண்டு நாள். இத்தனை வருஷம் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், புத்தி தடுமாறும். டாக்டர் பார்க்காமல் தரையில் பாய் போட்டுப் படுக்க வைக்கவும் முடியாது. டாக்டருக்குப் போன் செய்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றார். இவரோ, "ஆஸ்பத்திரிங்கிற வாசலையே நான் மிதிக்க மாட்டேன்" என்றார். மறுபடி டாக்டருக்குப் பேசினேன். வெள்ளிக்கிழமை ஒருவர் வீட்டுக்குப் போகிறார், அந்தக் கட்டிலைக் கொடுக்கலாம். அதுவரை இவரைச் சட்டென்று நிறுத்த வேண்டாம், குறைத்துக்கொள்ளச் சொல், வலிப்பு வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல் என்றார்.

குடியை நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நிறுத்த வந்த மனிதரிடம் நான் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரேயடியா நிறுத்திராதீகண்ணே. கொஞ்சமாக் குறைச்சுக்கோங்க."

அவர் என்னையே பார்த்தார். "என்ன மேடம், குடிச்சிட்டு வாங்கன்னு சொல்றீகளா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. ஒருவருக்கு நிறுத்த வேண்டும் என்று தோன்றுகிற நேரம் எப்போதாவதுதான் வரும்; வந்தால் சில மணி நேரம் நிற்கும். அந்த நேரத்துக்கு எங்களிடம் கட்டில் இருப்பதில்லை. அப்படித் திருப்பி அனுப்பியவர்களில் பாதிப் பேர் மறுபடி வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் போகும்போது அவர் ஒரு மஞ்சப்பையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

முதல் மூன்று நாள் கஷ்டப்பட்டார். வேர்த்துக் கொட்டியது. சுவரில் எறும்பு போகிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் தூங்கினார். அதற்கப்புறம்தான் பேச முடிந்தது. "எல்லாரும் நான் போதைக்குக் குடிச்சிட்டு வண்டி ஓட்டுனேன்னு நெனைக்கிறாக. கை நடுங்காம ஓட்டணும்னுதேன் மேடம் குடிச்சேன். குடிக்காமப் போன ஒரு நாளு, வளைவுல ஸ்டியரிங் கையில நிக்கல. அன்னைக்குத்தேன் பயந்துட்டேன். ஏறுற பொம்பளைகளுக்காகத்தேன் மறுநாளு குடிச்சேன்." அதே பதினாலு பெண்களுக்காகத்தான் அவர் மனைவி என் அறை வாசலில் வந்து நின்றார். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை.

எங்கள் விதிப்படி சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குடும்பத்தார் வரவேண்டும். அந்த அக்கா இரண்டு சனிக்கிழமையும் வரவில்லை. 'குடும்ப ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவதற்குப் பைலில் ஒரு கட்டமே இருக்கிறது. அதில் டிக் போடப் போனவள், அவர் அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். மலைக்கு மேலே, இடுப்பில் கூடையோடு, ஏலச்செடிக்குக் கீழே குனிந்து உட்கார்ந்திருப்பார். பேனாவை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஜீப்புகள் வந்து நிற்கிற இடத்துக்குப் போனேன். ஐந்தே முக்காலுக்கு அவர் இறங்கினார். பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பாவாடை ஓரமெல்லாம் சேறு. காலில் அட்டைப்பூச்சி கடித்த இடத்தில் புகையிலையை அப்பியிருந்தார்.

"எப்பிடி இருக்காக?" என்றார்.

"நல்லா இருக்காக. நல்லாச் சாப்பிடுறாக."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். டீயைக் குடித்து முடித்தார். பிறகு மெதுவாக, "உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு மேடம்" என்றார்.

"சொல்லுங்க."

"அன்னைக்கு முடியாதுன்னு சொன்னீக. சரி. குடுத்தா என்னாகும்னு என் கண்ணாலயே பாத்துட்டேன். நீங்க சொன்னது நிசம்தேன். ஆனா அது முடியாதுன்னா நான் வேற என்ன செய்யணும்னு சொல்லவே இல்லையே. அவுகளக் கூட்டிட்டு வா, கூட்டிட்டு வாங்குறீக. கூட்டிட்டு வர முடிஞ்சா நான் ஏன் ஒரு நா வேலைய விட்டுட்டு உங்க வாசல்ல வந்து நிக்கிறேன்?"

டாக்டர் கூப்பிட்டார், பைல் தேடினேன், கூட்டம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மை. அவரை இன்னொரு பத்து நிமிஷம் உட்கார வைத்திருந்தால், ஜீப் முதலாளியிடம் பேசிக் கணவரை வண்டியிலிருந்து இறக்க வழியுண்டா என்று இரண்டு பேருமாக யோசித்திருக்கலாம். புருஷன் வராமலே அவர் மட்டும் வந்து பேசலாம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் மையத்தில் எட்டுக் கட்டிலும் ஆண்களுக்கு. அவர்களோடு வாழ்கிறவர்கள் வந்து உட்கார ஒரு நாற்காலிகூட நாங்கள் ஒதுக்கவில்லை.

"எனக்கு அன்னைக்குத் தோணலக்கா" என்றேன்.

அவர் என் கையை லேசாகத் தட்டினார். சமாதானம் என்று அதை எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. "ஞாயித்துக்கெழமை எங்களுக்கு லீவு. துணி தொவைக்கிறது, ரேசன் வாங்குறது எல்லாம் அன்னைக்குத்தேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலன்னா வரலாம்" என்றார்.

மையத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆலோசனைக்கு விடுமுறை. நிர்வாகத்தில் கேட்டேன். யார் சம்பளம் கொடுப்பது, பெண்கள் வருவார்களா, வந்தாலும் எந்தக் கணக்கில் காட்டுவது என்றார்கள். நாங்கள் மாதா மாதம் அனுப்புகிற படிவத்தில் நோயாளிக்கு மட்டும்தான் இடம். வந்தவர், சேர்ந்தவர், போனவர், மறுபடி குடித்தவர். நோயாளி இல்லாதவர் வந்து அழுதுவிட்டுப் போனால் அதை எழுத ஒரு வரி கிடையாது. கடைசியில், புதன்கிழமை மாலை லீவு எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் ஞாயிறு மதியம் நான் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில், "ஞாயித்துக்கெழமையுமா?" என்றார்கள்.

முதல் ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஒருவர்தான். மூன்றாவது வாரம் யாருமே இல்லை; வாட்ச்மேனும் நானும் உட்கார்ந்து பேப்பர் படித்தோம். அப்புறம் ஜீப்பில் பேச்சுப் பரவியது போலிருக்கிறது. ஒரே வண்டியில் வேலைக்குப் போகிற ஐந்து பேர் சேர்ந்து வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். எழுப்பவில்லை.

அந்த முதல் ஞாயிறு அன்றுதான் கணவனும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் பிறகு நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். நான் எதையும் ஆரம்பிக்கவில்லை. கணவர்தான் ஆரம்பித்தார்.

"எத்தன நாளு போட்ட?"

"மூணு நாளு."

"சாகட்டும்னு போட்டியா?"

"ஒன் வண்டியில ஏறுற பொம்பளைக சாகக் கூடாதுன்னு போட்டேன்."

அவர் தரையைப் பார்த்தார். "எங்கிட்டச் சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்."

"சொல்லலையா? பத்து வருசமாச் சொல்லலையா நானு? எதக் கேட்ட நீ?" அந்த அக்காவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. உள்ளே சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். "பதினாலு பேரு குதிச்சு எறங்குனதப் பாத்தேன். நீ விழுந்ததப் பாத்தேன். அன்னையிலருந்து நான் ராத்திரியில ஒழுங்காத் தூங்கி நீ பாத்தியா?"

மன்னிப்பு என்ற வார்த்தையை அன்றைக்கு இரண்டு பேருமே சொல்லவில்லை. மனைவி கிளம்பும்போது அவர், "சோப்பு தீந்துபோச்சு, அடுத்த வாரம் வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அந்த அக்கா அடுத்த வாரம் இரண்டு சோப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

கணவர் வீட்டுக்குப் போகும் நாளில் டாக்டர் அந்த மாத்திரை இவருக்கு வேண்டாம் என்று சொல்லி, குடிக்கும் வேட்கையைக் குறைக்கிற வேறு மருந்து எழுதினார். தேனியில் எந்தக் கடையிலும் அது இல்லாமல், மதுரையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தோம். நாலு மாதம் குடிக்கவில்லை. ஊர்த் திருவிழாவில் குடித்தார். மூன்று நாள் தொடர்ந்து குடித்துவிட்டு, நாலாம் நாள் தானே வந்து, "மேடம், தப்பாப் போச்சு, கட்டில் இருக்கா?" என்றார். இருந்தது. படிவத்தில் 'மறுபடி குடித்தவர்' என்ற கட்டத்தில் அவரை எழுதினேன். தானே திரும்பி வந்தவர் என்று எழுத அதில் இடமில்லை.

ஜீப் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. இப்போது திராட்சைத் தோட்டம் ஒன்றில் டிராக்டர் ஓட்டுகிறார். வீட்டில் சாப்பிடுகிறார், ஆனால் சட்டியிலிருந்து தானே போட்டுக்கொள்கிறார். மனைவி பரிமாற விடுவதில்லை. "எத்தன வருசமானாலும் அது போகாது மேடம்" என்று அந்த அக்கா ஒருமுறை சொன்னார். "போட்டவ நான். என்ன செய்ய?" அவர் இன்னமும் ஞாயிறுகளில் வருகிறார். தோள்பட்டை வலி பற்றி, மேஸ்திரி பற்றி, தூக்கம் கொஞ்சம் வருவது பற்றிப் பேசுவார். பல வாரங்களில் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது.

போன மாதம் ஒரு ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். உட்கார்ந்ததும் வாக்குவாதம் ஆரம்பித்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிற மகளை நர்சிங் படிக்கத் தேனிக்கு அனுப்புவதா, பக்கத்திலேயே கல்லூரியில் சேர்ப்பதா என்று. ஆஸ்டலில் சாப்பாடு சரியிருக்காது என்கிறார் கணவர். தினம் பஸ்ஸில் போய் வந்தால் எப்போது படிப்பாள் என்கிறார் மனைவி. "ஒனக்கு என்ன தெரியும்?" "ஒனக்கு ரொம்பத் தெரியுமோ?" சத்தம் ஏறிக்கொண்டே போனது. நான் வழக்கம்போல எந்த இடத்தில் குறுக்கே போவது என்று காத்திருந்தேன். பத்து நிமிஷமாகியும் குடி என்ற பேச்சே வரவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற சண்டை. நான் இருப்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது.

சத்தம் போடாமல் எழுந்து வெளியே வந்தேன். நடையில் அடுத்த ஆள், புதிதாக வந்த ஒரு பெண், என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள ஆளு இருக்காகளா மேடம்?"

"இருக்காக. அவுக பேசி முடிக்கட்டும். நீங்க இங்கன உக்காருங்க. நானும் உக்காந்துக்கிறேன்" என்று சொல்லி, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.